காசில்லாத் தண்டோரா

சென்ற வாரம் இந்தப் பகுதியில் கடன் நோட்டைப் பற்றிப் பேசினோம். யாருக்கு எவ்வளவு கடன் கொடுக்கலாம், கொடுத்ததை முகம் கோணாமல் எப்படிக் கேட்டு வாங்கலாம் என்றெல்லாம் பார்த்தோம். அதைப் படித்த நேயர்கள் சிலர், "கடன் கேட்கவாவது ஆள் வர வேண்டாமா? கடைப் பக்கம் யாரும் திரும்பிப் பார்ப்பதே இல்லையே! அதற்கு ஒரு வழி சொல்லக் கூடாதா?" என்று எழுதியிருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆகவே இந்த வாரம் விளம்பரத்தை எடுத்துக்கொள்வோம்.

வந்த கடிதங்களில் ஒன்று பாபநாசத்துப் பக்கமிருந்து வந்தது. எழுதியவர் ஒரு சகோதரி. வீட்டிலேயே அப்பளம், வடகம், மோர்மிளகாய் போட்டு விற்கிறார். மாதம் முந்நூறு பாக்கெட்டுக்குள்தான் விற்கிறதாம். இந்த நிலையில் விளம்பரம் செய்து கொடுக்கும் ஆசாமி ஒருவர் வந்து, "அக்கா, ஓர் இருபத்து நாலாயிரம் செலவு பண்ணுங்க. நாலு முக்கில் பேனர் வைக்கிறேன், செல்போனிலும் விளம்பரம் விடுகிறேன். மூணே மாசத்தில் உங்க பேரு தஞ்சாவூர் வரைக்கும் தெரிஞ்சுடும்" என்றிருக்கிறார். அம்மாளின் கையில் ரொக்கம் இல்லை. மகளுக்கென்று வைத்திருக்கும் இரண்டு பவுன் சங்கிலி ஒன்று இருக்கிறது. "அதை அடகு வைத்துச் செய்யலாமா?" என்று கேட்கிறார்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேண்டாம் அம்மா. சங்கிலி பெட்டியிலேயே இருக்கட்டும்.

ஏன் என்று கேட்பீர்கள். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பாக்கெட் அப்பளம் அறுபது ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உளுந்து, எண்ணெய், பிரண்டை, உறை, கூலி எல்லாம் போக அதில் நிற்பது பதினைந்து ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இருபத்து நாலாயிரத்தைப் பதினைந்தால் வகுத்தால் என்ன வருகிறது? 1,600 பாக்கெட். இப்போது விற்பதற்கு மேல் இன்னும் 1,600 பாக்கெட் விற்றால்தான் போட்ட பணம் திரும்பும். லாபம் என்ற பேச்சு அதற்குப் பிறகுதான். அடகுக் கடை வட்டியை இன்னும் நான் சேர்க்கவே இல்லை! மூன்று மாதத்தில் 1,600 என்றால் மாதத்துக்கு 530-க்கு மேல் அதிகம் விற்க வேண்டும். இப்போது முந்நூறு போடுகிற கை, எண்ணூறு போட முடியுமா? வெயில் இருக்குமா? உலர்த்த மாடி இருக்குமா? விளம்பரம் பலித்து ஆட்கள் வந்து, சரக்கு இல்லை என்று அவர்களைத் திருப்பி அனுப்பினால் அதைவிடக் கெட்ட விளம்பரம் வேறு கிடையாது.

எந்த விளம்பரத்துக்கும் இந்தக் கணக்குப் பொருந்தும். செலவை ஒரு பொருளில் நிற்கும் லாபத்தால் வகுத்துப் பாருங்கள். வருகிற எண்ணைப் பார்த்து நெஞ்சு படபடத்தால் அந்த விளம்பரம் உங்களுக்கானதல்ல.

தெருவில் வைக்கும் பேனர் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. அனுமதி இல்லாமல் சாலையில் வைப்பது சட்டவிரோதம். 2019-ஆம் வருஷம் சென்னையில் அப்படி வைத்த பேனர் ஒன்று சரிந்து, ஸ்கூட்டரில் போன இளம்பெண் ஒருவர் உயிரையே இழந்தார். அந்தப் பாவத்தில் நமக்குப் பங்கு வேண்டாம்.

"சரி, பேனர் வேண்டாம், கடன் வேண்டாம். பின்னே என்னதான் செய்வது?" என்றால், தஞ்சை ஜில்லாக்காரர்கள் முதலில் பார்க்க வேண்டியது காவேரியைத்தான்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நெல் விளைகிற சீமையில் காசும் நெல்லோடுதான் வரும். மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிந்தது. ஜூன் 12-ஆம் தேதி அதைத் திறப்பது வழக்கம். திறந்தால் குறுவை நடவு. நாற்றங்கால், உழவு, உரம் என்று வீட்டுக் காசு வயலுக்குப் போகும் சமயம் அது. குறுவை அறுப்பு புரட்டாசி, ஐப்பசியில். சம்பாவும் தாளடியும் அறுத்து, கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டு, பணம் பாங்கிக் கணக்கில் ஏறுவது தை, மாசியில். அந்தச் சமயத்தில்தான் கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம் எல்லாம் வரிசையாக வரும். பட்டணத்து விளம்பரக்காரருக்கு எல்லா மாதமும் ஒரே மாதம், நமக்கு அப்படியல்ல. நாற்று விடும் மாதத்தில் நூறு ரூபாய் செலவழித்து விளம்பரம் செய்வதைவிட, நெல் போட்ட மறு வாரம் பத்து ரூபாய் செலவழித்துச் செய்வது மேல்.

இந்தத் தேதிகளும் கல்லில் வெட்டியவை அல்ல. 2022-இல் மே 24-ஆம் தேதியே அணையைத் திறந்தார்கள். 2024-இலோ தண்ணீர் போதாமல் ஜூலை 28 வரை காத்திருந்தார்கள். அப்படிப்பட்ட வருஷத்தில் குறுவைக் காசை நம்பிக் கடைக்குச் சரக்கு வாங்கிப் போட்டவர் கதி என்ன ஆகும்? ஆகவே வியாபாரி தினசரிப் பத்திரிகையில் மேட்டூர் நீர்மட்டத்தையும் ஒரு கண் பார்த்துக்கொள்வது நல்லது.

அப்பளம், வடகத்துக்கு இந்தப் பஞ்சாங்கத்தோடு இன்னொரு பஞ்சாங்கமும் உண்டு. போடுவது மாசி முதல் வைகாசி வரை, வெயிலில். தின்பது ஐப்பசி, கார்த்திகை அடைமழையில். காய்கறி வரத்துக் குறைந்து, வத்தக்குழம்புக்குத் தொட்டுக்கொள்ள ஏதாவது பொரிக்க வேண்டும் என்று வீட்டார் நினைக்கிற நேரத்தில். கையிலிருக்கும் சொற்பக் காசை அந்த மழைக்கு முந்தைய இரண்டு வாரத்துக்கும், தை மாதக் கல்யாண சீசனுக்கு முந்தைய இரண்டு வாரத்துக்கும் ஒதுக்கி வையுங்கள். மற்ற மாதங்களில் ருசியைச் சரிபாருங்கள்.

எப்போது என்பது தெரிந்தது. எப்படி என்று பார்ப்போம். இதற்குப் பழைய மனிதர்கள் சிலர் வழிகாட்டி வைத்திருக்கிறார்கள்.

அம்ருதாஞ்சனம் நம் எல்லோர் வீட்டிலும் உண்டு. காசிநாதுனி நாகேசுவரராவ் பந்துலு என்ற ஆந்திர தேசத்துப் பெரியவர் 1893-இல் பம்பாயில் அதை ஆரம்பித்தார். புது மருந்தை யார் நம்பி வாங்குவார்கள்? அவர் செய்த காரியம், சங்கீதக் கச்சேரிகளுக்குப் போய் வந்தவர்களுக்கெல்லாம் இலவசமாக மருந்தைக் கொடுத்ததுதான். கச்சேரிக்கு வருகிறவர் மூன்று நான்கு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறவர். தலைவலி எப்போது வரும் என்று சொல்லவும் வேண்டுமோ? மருந்தைக் கொடுத்தது பெரிதல்ல. தலைவலி வருகிற இடமாகப் பார்த்துக் கொடுத்ததுதான் சாமர்த்தியம்.

நம் சகோதரி இதை எப்படிச் செய்வது? ஐந்து அப்பளம் வைத்த சின்னப் பொட்டலம் நூறு கட்டலாம். ஒன்றுக்கு ஆறு ரூபாய் அடக்கம் என்றால் மொத்தம் அறுநூறு ரூபாய். தெருவில் போகிற வருகிறவருக்கெல்லாம் வாரி இறைக்காமல், ஊரிலுள்ள கல்யாண சமையல்காரர்கள், மெஸ் நடத்துகிறவர்கள், மளிகைக் கடைக்காரர்கள் முதலில். பிறகு, தான் அறிந்த வீடுகள். பொட்டலத்தோடு ஒரு துண்டுச் சீட்டு: என்ன பொருள், யார் செய்தது, என்ன விலை, எந்த நம்பரில் கூப்பிட வேண்டும். நூறு பேரில் இருபது பேர் மாதம் ஒரு பாக்கெட் வாங்க ஆரம்பித்தால் வருஷத்துக்கு 240 பாக்கெட். பதினைந்து ரூபாய் வீதம் 3,600 ரூபாய். அறுநூறு போட்டு மூவாயிரத்து அறுநூறு! இருபது பேர் வராமல் ஐந்து பேர்தான் வந்தார்கள் என்றாலும் 900 ரூபாய் வருகிறது; முதலுக்கு மோசமில்லை. யாருமே வரவில்லை என்றால்? அப்போது விஷயம் விளம்பரத்தில் இல்லை, அப்பளத்தில் இருக்கிறது என்று அறுநூறு ரூபாயில் தெரிந்துகொண்டீர்கள். இருபத்து நாலாயிரம் செலவழித்துத் தெரிந்துகொள்வதைவிட இது மலிவல்லவா?

இரண்டாவது உதாரணம் கொள்ளிடத்துக்கு வடக்கே, கடலூரில் இருக்கிறது. சின்னிகிருஷ்ணன் என்ற கடலூர்க்காரர், பாட்டில் வாங்க வசதி இல்லாதவரும் வாங்கும்படி பொருளைச் சின்னச் சின்ன உறையில் அடைத்து விற்கும் யோசனையை நடத்திக் காட்டினார். அவருடைய மகன் சி. கே. ரங்கநாதன் 1983-இல் 15,000 ரூபாயோடு தனியே தொழில் ஆரம்பித்து, தகப்பனார் பெயரை நினைவூட்டும்படி 'சிக்' ஷாம்பு என்று பெயர் வைத்தார். கிராமம் கிராமமாகப் போய், பையன்களுக்குத் தலை தேய்த்துக் காட்டினார்கள். தொட்டுப் பாருங்கள், முகர்ந்து பாருங்கள் என்றார்கள். அப்புறம் இன்னொரு யுக்தி: காலி உறை ஐந்து கொண்டுவந்து கொடுத்தால் ஒரு ஷாம்பு இலவசம். முதலில் எந்தக் கம்பெனி உறையானாலும் சரி என்றார்கள். ஜனங்கள் ருசி கண்ட பிறகு, 'சிக்' உறை மட்டுந்தான் என்று மாற்றினார்கள்.

இதில் சூட்சுமம் என்ன? இலவசம் கொடுத்தது வாங்காதவருக்கு அல்ல, ஏற்கெனவே வாங்கியவருக்கு. அவர் காலி உறையைச் சேர்த்து வைக்கிறார்; அடுத்த வீட்டிலும் கேட்டு வாங்குகிறார்; கடைக்குத் திரும்பி வருகிறார். நீங்களும் செய்யலாம். பத்து காலிப் பாக்கெட் கொண்டுவந்தால் ஒரு பாக்கெட் மோர்மிளகாய் என்று சொல்லிப் பாருங்கள். பத்து பாக்கெட் விற்றுப் பணம் பெட்டிக்குள் வந்த பிறகுதான் அந்தச் செலவு உண்டாகிறது. முன்பணம் வேண்டாம், அடகும் வேண்டாம். தெருவில் குப்பையும் குறையும்.

மூன்றாவது மனிதர் நம் டெல்டாவிலேயே பிறந்தவர். திருத்துறைப்பூண்டியில் பிறந்த எஸ். எஸ். வாசன், இளம் வயதில் தகப்பனாரை இழந்து, தாயாரோடு சென்னைக்குப் போனவர். பத்திரிகைகளுக்கு விளம்பரம் சேகரித்துக் கொடுத்தார். தபாலில் பொருள் அனுப்பும் வியாபாரம் செய்தார். 1928-இல், நின்று போகும் நிலையிலிருந்த 'ஆனந்த விகடன்' பத்திரிகையை 200 ரூபாய்க்கு வாங்கினார். பெயரில் எட்டு எழுத்து, எழுத்துக்கு 25 ரூபாய் வீதம் 200 என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். இருபது வருஷம் கழித்து, 1948-இல் 'சந்திரலேகா' படத்துக்கு அவர் செய்த விளம்பரம் நாடெங்கும் பேசப்பட்டது. நம்மவர்கள் 'சந்திரலேகா'வைப் பார்த்து, "விளம்பரம் என்றால் வாசன் மாதிரி செய்ய வேண்டும்" என்று பெருமூச்சு விடுகிறார்கள். அந்த 200 ரூபாயை மறந்துவிடுகிறார்கள். தபால் வியாபாரம் செய்த நாளில், எந்த ஊரில் யார் என்ன கேட்டு எழுதுகிறார்கள் என்று அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். ஜனங்களுக்கு எது பிடிக்கும் என்ற அறிவு அவரிடம் பணத்துக்கு முன்பே இருந்தது. பெரிய செலவு அதற்குப் பிறகு வந்தது.

அந்த அறிவைச் சம்பாதிக்க உங்களுக்கு வேண்டியது ஒரு நாற்பது பக்க நோட்டு. வாங்குகிறவர் பெயர், ஊர், என்ன வாங்கினார், யார் சொல்லி வந்தார் என்று நாலு கட்டம் போட்டு எழுதுங்கள். இரண்டு மாதம் எழுதினால் போதும். உங்களுக்காக ஊரில் யார் தண்டோரா போடுகிறார்கள் என்பது தெரிந்துவிடும். அநேகமாக அது மூன்று நான்கு பேர்தான் இருக்கும்: ஒரு பள்ளிக்கூட ஆசிரியை, ஒரு சமையல்காரர், ஒரு பஸ் கண்டக்டர். தீபாவளிக்கு அவர்கள் வீட்டுக்கு ஒரு பாக்கெட் அனுப்பி வையுங்கள். அதுவும் விளம்பரச் செலவுதான்.

இனி, பொருளோடு கூடவே போகும் விளம்பரங்களைப் பார்ப்போம். கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையைக் கவனித்திருக்கிறீர்களா? மணமக்கள் பெயர் போட்ட மஞ்சள் பை, கல்யாணம் முடிந்து அந்தத் தம்பதிக்குக் குழந்தை பிறந்த பிறகும் யார் கையிலோ கறிகாய் சுமந்துகொண்டிருக்கும்! தமிழ்நாட்டில் ஒரு தடவை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 ஜனவரி முதல் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று அரசாங்கமே இயக்கம் தொடங்கியது. ஆகவே துணிப்பையை வீட்டார் பத்திரமாக வைத்துக்கொள்கிறார்கள். முந்நூறு ரூபாய்க்குமேல் வாங்குகிறவருக்கு மட்டும் கடைப் பெயர் அச்சிட்ட பை ஒன்று கொடுத்தால், அது ஒரு வருஷம் கடைத்தெருவில் உங்கள் பெயரைத் தூக்கிக்கொண்டு நடக்கும். பையில் கவிதை வேண்டாம். தலைவர் படம் வேண்டாம். பெயர், பொருள், ஊர், நம்பர், நாலே வரி.

தினசரிக் காலண்டரும் அப்படியே. முந்நூற்று அறுபத்தைந்து நாளும் காலையில் எழுந்து தாளைக் கிழிக்கிறவர் உங்கள் பெயரில்தான் கண் விழிப்பார். சிவகாசியில் வரும் வருஷத்துக் காலண்டர் மாதிரிகளை ஆடிப்பெருக்கு அன்றே வெளியிட்டுவிடுவார்கள். நாம் காவேரிக் கரையில் சித்திரான்னம் சாப்பிடும் அன்றைக்கு அங்கே அடுத்த வருஷத்துத் தேதிகள் ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும். மார்கழியில் போய்க் கேட்காமல் முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். தனியாக அச்சடிக்கக் கட்டவில்லையா? பக்கத்துப் பாத்திரக் கடைக்காரர், தையல்காரர், நீங்கள் என மூன்று பேர் சேர்ந்து ஒரே காலண்டரில் பெயர் போட்டுக்கொள்ளுங்கள். ஒருவர் வாடிக்கைக்காரர் மற்ற இருவருக்கும் அறிமுகமாவார்.

செல்போனை மறந்துவிட்டீர்களே என்று இளைஞர்கள் கோபித்துக்கொள்வார்கள். மறக்கவில்லை. காசில்லாத் தண்டோராவுக்கு அதைப்போல வேறொன்று இல்லை. ஆனால் காசு கொடுத்து விளம்பரம் விடுவதற்கு முன்னால், காசில்லாமல் கிடைப்பதை முழுக்க உபயோகியுங்கள். கூகிள் வரைபடத்தில் கடையைப் பதிவு செய்வது இலவசம். பெயரைத் தமிழிலும் இங்கிலீஷிலும் போட்டு, திறக்கிற நேரம், விடுமுறை நாள், கடை வாசல் படம் ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும். பெரிய கோவிலுக்கும் சுவாமிமலைக்கும் வருகிற வெளியூர்க்காரர் இப்போது வழிப்போக்கரைக் கேட்பதில்லை. கையிலுள்ள போனைத்தான் கேட்கிறார். போன் 'திறந்திருக்கிறது' என்று சொல்லி, வந்து பார்த்தால் பூட்டுத் தொங்கக் கூடாது.

வாட்ஸப்பில் வியாபாரிகளுக்கென்றே தனிச் செயலி இருக்கிறது; அதுவும் இலவசந்தான். பொருள்களைப் படத்தோடும் விலையோடும் அடுக்கி வைக்கலாம். 'ஸ்டேட்டஸ்' என்ற இடத்தில் காலையில் ஒரு படம் போடலாம்: மாடியில் வடகம் காய்கிற படம், உளுந்து இடிக்கிற படம். அழகான படம் வேண்டாம். நிஜமான படம் போதும். தினம் பத்துப் பேருக்குச் செய்தி அனுப்பித் தொல்லை கொடுக்காதீர்கள். "புது சரக்கு வந்தால் சொல்லட்டுமா?" என்று கேட்டு, சரி என்றவருக்கு மாதம் இரண்டு தடவை அனுப்பினால் போதும். கேட்டவருக்கு அன்றைக்கே பதில் சொல்லுங்கள். பதில் வராத கடை, ஆள் இல்லாத கடைக்குச் சமானம்.

ஒரு எச்சரிக்கை. பாக்கெட்டில் அடைத்து விற்கும் உணவுப் பண்டத்தில் செய்தவர் முகவரி, நிகர எடை, அடைத்த தேதி, அதிகபட்ச விலை, உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் இவையெல்லாம் இருக்க வேண்டும். பேனருக்குச் செலவழிக்கும் முன் இதற்குச் செலவழியுங்கள். சிறு தொழிலுக்கான 'உத்யம்' பதிவுக்கு அரசாங்கம் கட்டணமே வாங்குவதில்லை, இணையத்தில் பதிந்துகொள்ளலாம். பதிவு செய்து தருகிறேன் என்று ஆயிரக்கணக்கில் கேட்கிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

கடைசியாக, நம் ஜில்லாவுக்கென்று ஒரு பெரிய விளம்பரம் இருக்கிறது. அதற்கு நாம் காலணா கொடுத்ததில்லை; நம் முன்னோர் கொடுத்துவிட்டார்கள். அதுதான் ஊர்ப் பெயர். தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை, நாச்சியார்கோவில் குத்துவிளக்கு, திருவையாற்று அசோகா, மன்னார்குடி மதில் அழகு, கும்பகோணம் வெற்றிலை என்று சொல்லும்போதே ஊரும் பொருளும் கைகோத்துக்கொண்டு வருகின்றன. தலையாட்டி பொம்மையை விற்க யாராவது பிரசங்கம் செய்கிறார்களா? விரலால் ஒரு தட்டுத் தட்டிவிடுகிறார்கள். அது சாய்ந்து, ஆடி, நிமிர்ந்து நிற்கிறது. குழந்தை சிரிக்கிறது. வியாபாரம் முடிந்தது!

ஆனால் ஊர்ப் பெயர் பொதுச் சொத்து. பொதுச் சொத்துக்கு வரும் ஆபத்து அதற்கும் உண்டு. கும்பகோணம் டிகிரி காபியைப் பாருங்கள். கலப்பில்லாத பசும்பால், புதிதாய் இறக்கிய டிகாக்ஷன், பித்தளை டபரா டம்ளர். இதில் வந்த பெயர் அது. பிறகு நெடுஞ்சாலை நெடுக அந்தப் பெயரில் பலகைகள் முளைத்தன. சில இடங்களில் நல்ல காபி கிடைக்கிறது. சில இடங்களில் பித்தளை டபரா மட்டும் கிடைக்கிறது. மோசமான காபியைக் குடித்தவர் அந்தக் கடைக்காரரைத் திட்டுவதில்லை, "கும்பகோணம் காபி என்றால் இவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டுக் காரில் ஏறிப் போகிறார். நஷ்டம் யாருக்கு?

இந்த ஆபத்துக்குக் காவல்தான் புவிசார் குறியீடு. 1999-இல் அதற்குச் சட்டம் வந்தது. தஞ்சாவூர் ஓவியம், தலையாட்டி பொம்மை, சுவாமிமலை விக்கிரகம் முதலியவை அதைப் பெற்றன. திருபுவனம் பட்டு 2019-இலும், நரசிங்கம்பேட்டை நாதஸ்வரம் 2022-இலும், கும்பகோணம் வெற்றிலை 2025-இலும் பெற்றன. இந்தக் குறியீடு தனி ஒருவருக்குச் சொந்தமல்ல. அந்த எல்லைக்குள், அந்த முறைப்படி செய்கிறவர் 'அங்கீகரிக்கப்பட்ட உபயோகிப்பாளர்' என்று தம் பெயரைப் பதிந்துகொள்ளலாம். பொம்மை செய்கிறவர், விளக்கு வார்க்கிறவர், பட்டு நெய்கிறவர் இதைச் செய்யாமல் இருந்தால், வீட்டில் பத்திரம் இருந்தும் பட்டா மாற்றாத கதைதான். பதிந்துகொண்டால் அந்த முத்திரையைச் சீட்டிலும் பையிலும் போடலாம். வெளியூர்ச் சரக்குக்கும் உங்கள் சரக்குக்கும் வித்தியாசம் சொல்ல அதைவிட நல்ல சாட்சி இல்லை.

ஊர்ப் பெயர் கொண்டுவருவது முதல் தடவை வருகிறவரை. இரண்டாவது தடவை அவரை வரவழைப்பது உங்கள் அளவும் ருசியும். இருநூறு கிராம் என்று எழுதியதில் நூற்றுத் தொண்ணூறு இருந்தால் பத்து கிராம் மிச்சம் என்று நினைக்கிறோம். வாங்கியவர் வீட்டுத் தராசில் அது வேறு கணக்கில் ஏறுகிறது. தண்டோராக்காரன் தெருமுனையில் நின்று பறையடித்துச் சொல்வான்; அடுத்த தெருவுக்குப் போய்விடுவான். நல்ல சரக்கு அப்படியல்ல. வாசல் தாண்டி, கூடம் தாண்டி, பந்தியில் இலை ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, "எங்கே வாங்கினது?" என்று விருந்தாளியைக் கேட்க வைக்கும். அந்தக் கேள்விக்கு வீட்டுக்கார அம்மாள் சொல்லும் பதிலில் உங்கள் பெயர் வர வேண்டும். அவ்வளவுதான் விளம்பரம்.

அடுத்த வாரம்: பேரம் பேசாமல் விலை சொல்வது எப்படி?